எஸ்ஏசிடியும் சாதா சிடியும்: திருநகர் வீட்டு ஹாலில் நாலு ராத்திரி

போன சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரத்தில் 9,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ப்ளூ-ரே பிளேயர் வாங்கினேன். படம் பார்க்க இல்லை, எங்கள் வீட்டில் படமெல்லாம் ஃபோனிலேயே முடிந்துவிடுகிறது. இந்த பிளேயரில் எஸ்ஏசிடி, அதாவது சாதா சிடியை விட ஒலி உசத்தி என்று விற்கிற சூப்பர் ஆடியோ சிடி, ஓடும், அதோடு பின்பக்கம் சிவப்பு வெள்ளை சாக்கெட் இருக்கிறது, என்னுடைய பழைய ஸ்டீரியோ ஆம்புக்கு நேராக வயர் இழுத்துவிடலாம், அதற்காகத்தான். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் லீவுக்கு வரும்போது மூன்று எஸ்ஏசிடி வாங்கி வந்தான், நம்மூர்க் காசுக்கு மூன்றும் சேர்ந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. ஆக மொத்தம் 17,500க்கு மேல். இந்தக் கணக்கை வீட்டில் இரண்டு தவணையாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், மச்சினன் தன் அக்காவிடம் ஒரே தவணையில் சொல்லிவிட்டான்.

இத்தனைக்கும் காரணம் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோம் தியேட்டர் கடையில் கேட்ட டெமோ. ஏசி அறை, கனமான திரைச்சீலை, சோபா, காபி எல்லாம் உண்டு. முதலில் சாதா சிடி போட்டார்கள், அப்புறம் அதே பாட்டை ஹை-ரெஸ், அதாவது சிடியை விட நுணுக்கமாகப் பதிந்த டிஸ்கில் போட்டு "சார், கேட்டீங்களா, அந்தப் புல்லாங்குழல் தனியா மிதக்குது பாருங்க" என்றார் பையன். மிதந்தது உண்மைதான், நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். ஆனால் டிஸ்க் மாற்றும்போது ரிமோட்டில் அவர் கட்டைவிரல் இரண்டு தடவை அமுங்கியதையும் பார்த்தேன். ஆம்பின் முகப்பில் 34 என்று இருந்தது 38 ஆகியிருந்தது. கேட்டதற்கு, "ஹை-ரெஸ்ல லெவல் கம்மியா இருக்கும் சார், ஈடுகட்டினேன்" என்றார். எவ்வளவு கம்மி, எவ்வளவு ஈடு என்பதற்குப் பதில் இல்லை. அந்த நாலு எண்தான் என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடி 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. வினாடிக்கு 44,100 தடவை ஒலியின் அளவை எடுத்து, ஒவ்வொரு தடவையும் 65,536 படிகளில் எந்தப் படி என்று எழுதி வைக்கும், அதுதான் 16 பிட். இதனால் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அவ்வளவு கீச்சான ஒலி வரை பதிவாகும், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடம் கிடைக்கும். எஸ்ஏசிடி 1999-இல் அதே இரண்டு கம்பெனிகள் கொண்டுவந்தது, அதன் கணக்கே வேறு. வினாடிக்கு 28,22,400 தடவை பார்க்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிட், "முன்னைவிட ஏறணுமா இறங்கணுமா" என்கிற மாதிரி. அடுத்த வருஷம் டிவிடி-ஆடியோ என்று இன்னொன்று வந்தது, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், அதுவும் கடைத்தெருவில் நிற்கவில்லை. 2013 வாக்கில் ப்ளூ-ரே டிஸ்கிலேயே பாட்டு மட்டும் போட்டு விற்றுப் பார்த்தார்கள். எஸ்ஏசிடி மட்டும்தான் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கிளாசிக்கல், ஜாஸ் கேட்கிறவர்கள் புண்ணியத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இன்று கிடைக்கிற எஸ்ஏசிடியில் பெரும்பாலானவை ஹைப்ரிட். நம்மூர் மாடி வீடு மாதிரி, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். டிஸ்கின் மொத்தக் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் பாதி ஆழத்தில் எஸ்ஏசிடி அடுக்கு, முழு ஆழத்தில் சாதா சிடி அடுக்கு. சாதா சிடி பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர், அது முதல் அடுக்கைக் கண்ணாடி ஜன்னல் போலக் கடந்து போய்க் கீழே இருப்பதைப் படித்துக்கொள்ளும். எஸ்ஏசிடி பிளேயர் 650 நானோமீட்டர் லேசரால் நடுவில் இருப்பதைப் படிக்கும். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஹைப்ரிட்டை விட வசதியான டிஸ்க் வேறில்லை, ஒரே டிஸ்க், ஒரே பிளேயர், ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கர், அடுக்கு மட்டும் மாறும்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு புத்தக அலமாரி சைஸ் ஸ்பீக்கர்கள், பதினைந்து வருஷத்துச் சரக்கு. பகலில் கேட்பதில் அர்த்தமே இல்லை, குக்கர் விசில், தண்ணி லாரி, பக்கத்து வீட்டு சீரியல். அதனால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல். ஃபோனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஃபேன் ஓடும்போது 48, நிறுத்தினால் 38 என்று காட்டியது. இந்தப் பத்து டெசிபலுக்காக மதுரையில் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, கொசுவுக்காக ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார்ந்தவன் நான். பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையின் அடிச்சத்தமே 38 என்றால், சிடி தருகிற 96 டெசிபல் முழுவதையும் கேட்க நான் 134 வரை அலற விட வேண்டும். 120-ஐத் தாண்டினாலே காது வலிக்கும். எஸ்ஏசிடி அதற்கும் மேலே 20 டெசிபல் தருகிறது என்று பெருமை பேசினால், அந்த இருபதை நான் எங்கே வைத்துக்கொள்வது?

முதல் ராத்திரிக்கு மைக் செட் அண்ணனை வரச் சொன்னேன். திருப்பரங்குன்றம் பக்கம் முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் பார்த்தவர். குழாய் கட்டிய காலத்திலிருந்து இன்றைய பாக்ஸ் வரை கை வைத்த ஆள். பந்தலில் நின்றுகொண்டே "நாலாவது பாக்ஸ்ல ட்வீட்டர் போயிருச்சு" என்று சொல்லிவிடுவார் (கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர்), போய்ப் பார்த்தால் போயிருக்கும். என் சொந்தபந்தத்தில் அவர் காதை விட நான் நம்புகிற காது கிடையாது.

அவருக்கு எது எந்த அடுக்கு என்று சொல்லவில்லை. வயலினும் பியானோவும் மட்டும் உள்ள டிஸ்க், மூன்று நிமிஷத் துண்டு ஒன்று. அடுக்கை மாற்றினால் பிளேயர் டிஸ்கை நிறுத்தித் திரும்பப் படிக்க அரை நிமிஷம் ஆகிறது, அந்த இடைவெளியே காதுக்குக் கெடுதல்தான், ஆனாலும் ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறு தடவையும் தயங்காமல் ஒன்றையே காட்டினார். "இது தம்பி. இதுல வில்லு கம்பியில ஒரசுறது வரைக்கும் முன்னால வந்து நிக்குது. அது என்னமோ திரைக்குப் பின்னால வாசிக்கிற மாதிரி இருக்கு."

அவர் ஆறு தடவையும் காட்டியது சாதா சிடி.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், 17,500 ரூபாய் கவலை ஒரு பக்கம். அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். நிஜமாகவே, அந்த மனுஷர் ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்கு வரும்போதும் மல்டிமீட்டரோடுதான் வருகிறார். ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் முனைகளில் குச்சியைத் தொட்டுக்கொண்டு, "அந்த நீட்டு சுரம் வருதே, அதைப் போடு" என்றார். வயலினில் ஒரே சுரம் எட்டு வினாடி நிற்கிற இடம் அது. சிடி அடுக்கில் 1.41 வோல்ட். எஸ்ஏசிடி அடுக்கில் அதே சுரத்துக்கு 1.00. கிட்டத்தட்ட 3 டெசிபல் வித்தியாசம். காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும், முன்னால் வந்து நிற்கிறது என்று சொல்லும். "அட, இதைத்தானே நாங்க தொழில்ல பண்றோம்" என்றார் அண்ணன். "பாட்டுக்காரரு வந்து சத்தம் நல்லால்லனு சொன்னா நாப்பை லேசா ஒரு முள்ளு தூக்கி விடுவேன், இப்ப சூப்பர்ணேனு போயிருவாரு."

எஸ்ஏசிடியின் விதிப்படி அதன் இயல்பு லெவலே அந்த ஒரு பிட் முறை தாங்கக்கூடிய உச்சத்துக்கு 6 டெசிபல் கீழேதான் வைக்கப்படுகிறது. அதனால் பல பிளேயர்களில் அது கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும். ஆக கடைப் பையன் "லெவல் கம்மி" என்றது பொய் இல்லை. 3 இருக்கிற இடத்தில் 4 ஏற்றினால் மீதி ஒன்று வியாபாரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அவருடைய ஆம்பில் ஒரு எண் எத்தனை டெசிபல் என்று எனக்குத் தெரியாது, அதனால் இதற்கு மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் ராத்திரி முறையாகச் செய்தோம். பிளேயரின் வெளியீட்டை ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, லேப்டாப்பில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இரண்டு அடுக்கையும் பதிவு செய்தேன். ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட் மென்பொருளில் இரண்டின் லெவலையும் சரி செய்தேன், 0.1 டெசிபலுக்குள். ஃபூபார் என்கிற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஏ எது, பி எது என்று காட்டிவிட்டு, எக்ஸ் என்று ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு, இது ஏ-யா பி-யா என்று கேட்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், அரை நிமிஷம் காத்திருக்க வேண்டியதில்லை. 20 கேள்விக்கு 15 சரியாகச் சொன்னால்தான் நிஜமாகவே கேட்கிறது என்று அர்த்தம், பத்து பதினொன்று என்பதெல்லாம் காசு சுண்டினாலே வரும்.

நான் 11. வீட்டுக்காரம்மா 9, "என்னங்க, இதுக்கா ஃபேனை நிறுத்தினீங்க" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். பத்தாவது படிக்கிற பையன் 12. அண்ணன் 10. முடிந்ததும் அண்ணன் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது, ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

பதிவு செய்த கையோடு எந்தக் கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டுகிற அலைவரிசைப் படத்தையும் பார்த்தேன், இதுதான் எனக்கு இந்த நாலு நாளில் பிடித்த காட்சி. சிடி அடுக்கின் படம் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் கத்தியால் நறுக்கிய மாதிரி நின்றுவிடுகிறது. எஸ்ஏசிடி அடுக்கில் வயலினின் கீற்றுகள் அந்தக் கோட்டைத் தாண்டி 26, 27 வரை மங்கலாகப் போகின்றன. ஆகா, இதோ இருக்கிறது நம் பணம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷம். ஆனால் அதே இடத்திலிருந்து அடியில் புகை மாதிரி ஒன்று கிளம்பி மேலே போகப் போக அடர்த்தியாகிறது. அது இசை இல்லை, ஒரு பிட் முறையின் இரைச்சல். நாம் கேட்கிற பகுதியைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதற்காக எல்லா இரைச்சலையும் கூட்டிப் பெருக்கி, காதுக்கு எட்டாத மேல் மூலையில் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் தள்ளுகிறோமே, அதே வேலை.

சரி, 22-க்கு மேலே இசை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், கேட்கிறது யார்? லேப்டாப்பில் சுரம் போட்டுக் காதைச் சோதித்தோம். எனக்கு 47 வயது, 13.5 கிலோஹெர்ட்ஸோடு என் கதை முடிந்தது. பையன் 17 வரை போனான். அண்ணன் 10-ஐத் தாண்டவில்லை, முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற காது. அப்படியும் பந்தலில் போன ட்வீட்டரைக் கண்டுபிடிக்கிறார் என்றால், எதைக் கேட்க வேண்டும் என்கிற பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

என் வீட்டு நாலு பேர் கணக்கை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். 2007-இல் மேயர், மோரன் என்று இரண்டு அமெரிக்கர்கள் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் இதையே பெரிய அளவில் செய்து எழுதினார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோவிலிருந்து வருகிற ஒலியை நேராக ஒரு தடவை, நடுவே 16 பிட், 44.1 சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு தடவை. 554 முயற்சியில் 276 சரி, பாதி கூட இல்லை. கேட்டவர்களில் ரெக்கார்டிங் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. எதிர்க்கட்சிக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் அதுவரை வந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில் மொத்தம் 52.3 சதவீதம் வந்தது, பயிற்சி கொடுத்துக் கேட்கச் சொன்ன இடங்களில் 60-ஐ ஒட்டி. அதனால் வித்தியாசமே கிடையாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பயிற்சி எடுத்து, அமைதியான அறையில், நல்ல கருவியில் கேட்டால் பத்துக்கு ஆறு. திருநகரில் பதினொரு மணி பாசஞ்சர் ரயிலுக்கு நடுவே எனக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

இப்போது மூன்றாவது டிஸ்க். அதில்தான் விஷயம் திரும்பியது.

அது ஒரு பழைய ராக் ஆல்பத்தின் புதுப் பதிப்பு. இதில் நான் 20-க்கு 19, பையன் 20-க்கு 20, அண்ணன் 18. அதுவும் லெவலைச் சரி செய்த பிறகு. எஸ்ஏசிடி அடுக்கில் டிரம்ஸ் அடி விழுந்து எழுகிறது, சிடி அடுக்கில் எல்லாம் ஒரே உயரத்தில் நின்று முகத்தில் கத்துகிறது. அப்படியானால் எஸ்ஏசிடி ஜெயித்துவிட்டதா? நானும் அப்படித்தான் துள்ளினேன். அலைப்படத்தை விரித்துப் பார்த்தால், எஸ்ஏசிடி அடுக்கில் அலை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. சிடி அடுக்கில் எல்லா உச்சிக்கும் பழனியில் போட்ட மாதிரி மொட்டை. ஒரே டிஸ்கில் இரண்டு விதமான மாஸ்டரிங், அதாவது டிஸ்கில் ஏற்றும் முன் பாட்டுக்குச் செய்கிற கடைசி மெருகு! காரிலும் இயர்ஃபோனிலும் கேட்கிறவர்களுக்கு என்று சிடி அடுக்கை நசுக்கி உரக்க ஆக்கியிருக்கிறார்கள், பணம் கொடுத்து எஸ்ஏசிடி பிளேயர் வைத்திருப்பவனுக்கு மட்டும் நல்லதை மாடியில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பையன்தான் சொன்னான், "அப்பா, அந்த நல்லதையே சிடி மாதிரி குறைச்சுப் பாருங்களேன்." எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. எஸ்ஏசிடி அடுக்கிலிருந்து எடுத்த பதிவை 16 பிட், 44.1-க்கு மாற்றி, அதையும் மூலத்தையும் சோதனையில் போட்டேன். நான் 10. பையன் 11. அண்ணன் "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, சும்மா அமுக்குறேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு 9. ஆக நாங்கள் கேட்டது டிஸ்கின் வித்தியாசம் இல்லை, மாஸ்டரிங் செய்தவர் கையின் வித்தியாசம். அந்த நல்ல மாஸ்டரை முப்பது ரூபாய் சிடியில் எழுதியிருந்தாலும் அவ்வளவும் அதில் அடங்கியிருக்கும். அடக்கத் தெரியாமல் இல்லை, மனசில்லை.

நாலாம் ராத்திரி அலமாரியைக் குடைந்தேன். எங்கள் தலைமுறைக்கு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டரில் நோட்டுத் தாளில் பாட்டு எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய கதை இருக்கும், அதற்குப் பிறகு சிடி வந்தபோது சம்பளத்தில் பாதியைக் கொட்டியிருக்கிறோம். எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகள் உள்ள ஒரு சிடி, முதல் சுற்றில் வந்தது, பின்னட்டையில் ஏஏடி என்று மூன்று எழுத்து. முதல் எழுத்து ஒலிப்பதிவு, இரண்டாவது மிக்ஸிங், மூன்றாவது மாஸ்டர். ஏ என்றால் அனலாக் டேப், டி என்றால் டிஜிட்டல். அதே பாட்டுகள் இருபது வருஷம் கழித்து "டிஜிட்டல் ரீமாஸ்டர்" என்று வந்த சிடியும் இருக்கிறது. இரண்டும் சாதா சிடி, இரண்டுக்கும் அதே 16, அதே 44.1. பழையதில் டேப்பின் "உஸ்ஸ்" கேட்கிறது, அதோடு வயலின் கூட்டத்துக்குப் பின்னால் தபேலாவின் விரல் மாறுவதும் கேட்கிறது. புதியதில் உஸ் இல்லை, விரலும் இல்லை, இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள், மிச்சத்தை மொட்டை அடித்துவிட்டார்கள். இந்த இரண்டு சிடிக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதிகூட எஸ்ஏசிடிக்கும் சிடிக்கும் நடுவே நான் கேட்கவில்லை.

மதுரை சோமு கச்சேரி ஒன்றும் போட்டேன், மேடையில் யாரோ டேப்பில் பிடித்தது, பின்னாளில் சிடி ஆனது. கூட்டத்தில் இருமல், மிருதங்கத்தில் மைக் ஏறிப்போய்விட்டது, அவர் குரல் மேலே போகும் இடத்தில் டேப்பே தாங்காமல் கரகரக்கிறது. இதை எஸ்ஏசிடியில் போட்டால் அந்தக் கரகரப்பை வினாடிக்கு 28 லட்சம் தடவை அளந்து தருவார்கள். அண்ணன் அந்தக் கச்சேரி முடியும் வரை வாயே திறக்கவில்லை, மல்டிமீட்டரும் வெளியே வரவில்லை.

சரி, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. ஜாஸ், மேற்கத்திய கிளாசிக்கல் கேட்கிறவர் என்றால், ஐந்து ஸ்பீக்கர் வைக்க இடமும் இருந்தால், எஸ்ஏசிடியில் உள்ள ஐந்து சேனல் பதிவு நிஜமான லாபம், அது சாதா சிடியில் வராது. என்னிடம் இரண்டுதான் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. புதிதாக வாங்குவதானால் சோனியின் யூபிபி-எக்ஸ்800எம்2 மாதிரி ப்ளூ-ரே பிளேயர்களில் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ இரண்டும் ஓடும், ஆனால் அதில் அந்தச் சிவப்பு வெள்ளை அனலாக் சாக்கெட் கிடையாது, எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் வேண்டும், பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் வாங்கிவிட்டு முழிக்காதீர்கள். லேப்டாப் டிரைவில் எஸ்ஏசிடி அடுக்கைப் படிக்க முடியாது, சிடி அடுக்கு மட்டும்தான் தெரியும். ஜப்பானிலிருந்து எஸ்எச்எம்-சிடி, ப்ளூ-ஸ்பெக் சிடி என்று இரண்டு மடங்கு விலைக்கு வருகிறதே, அதன் பிளாஸ்டிக்கும் தயாரிப்பும்தான் உயர்ந்தது, உள்ளே இருப்பது அதே 16 பிட், 44.1. கீறல் விழுந்து தத்துகிற சிடி அல்லாத பட்சத்தில் அதற்கு ஏன் கூடுதல் காசு என்று எனக்குப் புரியவில்லை. தமிழ்ப் பாட்டுதான் என் உலகம் என்றால், எஸ்ஏசிடி பிளேயரை மறந்துவிட்டு முதல் சுற்றுச் சிடிகளைத் தேடுங்கள், பழைய சாமான் கடைகளில், காலி செய்கிற வீடுகளில் கிடைக்கும்.

என் செட்டில் நிஜமாகவே மாறியது இரண்டு விஷயம், இரண்டும் அண்ணன் உபயம், செலவு 240 ரூபாய். ஸ்பீக்கரை ஷோகேஸ் தட்டிலிருந்து இறக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கனமான இரண்டு ஹாலோ பிளாக் கல் மேல் வைத்தோம், அதுவரை வெங்கலப் பானைக்குள் அடித்த மாதிரி இருந்த பேஸ் ஒழுங்குக்கு வந்தது. அப்புறம் ஆம்பும் பிளேயரும் லேப்டாப்பும் மூன்று பிளக்கில் இருந்ததை ஒரே போர்டுக்கு மாற்றி, எர்த் இல்லாத சாக்கெட்டுக்கு எர்த் இழுத்துக் கொடுத்தார், எப்போதும் அடியில் "ம்ம்ம்" என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது நின்றது. அந்த "ம்ம்ம்" என் ஆம்பின் குணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

பிளேயரை விற்கவில்லை. மூன்றாவது டிஸ்கின் மாடிக் குடித்தனத்துக்காக வைத்திருக்கிறேன். முதல் டிஸ்க், அந்த வயலின், அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "இது நம்ம பிளேயர்ல ஓடுமா தம்பி" என்றார். ஓடும் அண்ணே, சிடி அடுக்கு இருக்கிறது என்று கொடுத்தேன். போன வாரம் அவனியாபுரத்தில் ஒரு வளைகாப்பு, வாசலில் வாழை மரம், மேலே இரண்டு குழாய், தெரு முனையிலேயே அந்த வயலின் கேட்டது. லெவல் கொஞ்சம் அதிகம்தான்.